அம்மணியின் பலம் பதினெட்டு

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற என் வயசுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. என் மகனிடம் ஒருமுறை ஆரம்பித்தேன். "கம்ப்யூட்டருக்கு ஏசி போட்டாங்களா? வீட்ல இருக்கறவங்களுக்கு ஃபேனா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், கதையை அங்கேயே மூட்டை கட்டிவிட்டேன்.

ஆனால் அப்படித்தான் இருந்தது. கோயமுத்தூரில் என் பெரியப்பாவுக்குப் பம்புசெட் செய்கிற பட்டறை. பம்புகளின் படத்தை வரைவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குச் சூடு ஆகாது என்று யாரோ சொன்னதால் முன்னறையில் ஏசியும் போட்டார். வரையத் தெரிந்த ஆள் மூன்றாம் மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கம்ப்யூட்டர் மட்டும் ரெக்சின் உறையைப் போர்த்திக்கொண்டு, ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய், அங்கேயே உட்கார்ந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். வீட்டிலேயே குளுகுளுவென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்பதால் பெரியம்மா மொச்சை உரிப்பது, பூக்கட்டுவது, கண் அசருவது எல்லாம் அங்கேதான். இன்றைக்கும் பச்சை மொச்சையின் வாசம் வந்தால் எனக்கு மானிட்டரின் சூடான பிளாஸ்டிக் வாசமும் சேர்ந்தே வருகிறது.

அது தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊர் உடுமலைப்பேட்டை. அம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். பிறந்தான் என்று வாயால் சொன்னார்களே ஒழிய, யாரும் என் கண்ணில் காட்டவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான், எடை ஏற வேண்டும் என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா பஸ்ஸில், நான் பெரியப்பா வீட்டில். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டால் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "இருக்கறான் சாமி" என்பார்கள்.

பெரியப்பாவின் ஒரே மகள் அக்கா. பதினேழு வயசு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். சென்னைக்குப் போய் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். அவளுக்கு உலகத்தில் வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. குளியலறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் அந்தக் கல்லூரியின் பெயரை எழுதி வைத்திருந்தாள். தண்ணீர் பட்டு அழிய அழிய மறுபடி எழுதுவாள்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிக் கடையில், மார்க்கர் பேனாவால் பெயர் கிறுக்கிய ஒரு சி.டி.யை அக்கா வாங்கி வந்தாள். குகைகள், எலும்புக்கூட்டுப் படைகள், மந்திரவாதிகள் எல்லாம் இருக்கிற மாயாஜால விளையாட்டு. அதில் நம் ஆளை நாமே செய்துகொள்ள வேண்டும். மந்திரம் போடுகிறவனா, வில் விடுகிறவனா, பூட்டு உடைக்கிற திருடனா, வாளெடுத்து நேருக்கு நேர் மோதுகிற வீரனா என்று முதலில் கேட்கும்.

"தூர நின்னு மந்திரம் போடறதெல்லாம் நமக்கு வேண்டாங் கண்ணு" என்றாள் அக்கா. "கிட்டப் போயி, மூஞ்சியப் பாத்து, ஒரே வெட்டு."

"பொம்பளையா எடுக்கலாமுங்களா அக்கா?"

"பின்ன?"

பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. வீட்டிலும் பட்டறையிலும் பால்காரர் உட்பட எல்லாரும் அக்காவை அம்மணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதையே வைத்தாள். இரும்புச் சட்டை போட்டு, முடியைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி திரையிலிருந்து எங்களை முறைத்துப் பார்த்தாள். அவள்தான் அம்மணி.

அம்மணிக்கு ஆறு குணங்கள். தடிமனான அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதினாள்: பலம், லாவகம், தாங்கும் சக்தி, புத்தி, விவேகம், வசீகரம். கம்ப்யூட்டர் மூன்று பகடைகளை உருட்டுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடும். குறைந்தது மூன்று, மிஞ்சிப்போனால் பதினெட்டு. பிடிக்கவில்லையென்றால் 'மறுபடி உருட்டு' என்று ஒரு பொத்தான். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம், கேட்பாரில்லை. ஒன்றில் குறைத்து இன்னொன்றில் கூட்டிக்கொள்ளவும் விடும்.

எடுத்த எடுப்பில் நாங்கள் செய்தது மகா முட்டாள்தனம். இருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கிப் பலத்தில் கொட்டினோம். ஊரை விட்டு வெளியே வந்த அம்மணியை ஓர் ஓநாய் இரண்டே கடியில் கொன்றது. வாளை ஒருமுறை ஓங்கக்கூட இல்லை. "தாங்கற சக்தி வேணும்டி" என்று அடுத்தவளுக்கு அதைக் கூட்டி லாவகத்தைக் குறைத்தோம். அவள் கடி வாங்கிக்கொண்டு நின்றாள், சரி. ஆனால் வீசின வீச்செல்லாம் காற்றில். ஓநாய் பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருக்க, இவள் பாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா கணக்குப் பரீட்சைக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். எந்த எண்ணுக்கு மேல் என்ன பயன், எதற்குக் கீழே போனால் என்ன நஷ்டம் என்று நோட்டில் கட்டம் போட்டாள். பலம் பதினெட்டு வேண்டும், தாங்கும் சக்தியும் லாவகமும் பதினாறுக்குக் குறையக் கூடாது. அது கிடைக்கிற வரைக்கும் உருட்டுவது. மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்காருவோம். நூறு தடவை அவள், நூறு தடவை நான்.

இரண்டாம் நாள் என் முறையில் வந்தது. பதினெட்டு, பதினேழு, பதினாறு. கண் பார்த்துவிட்டது, ஆனால் விரல் பழைய வேகத்திலேயே இன்னொரு அழுத்து அழுத்திவிட்டது. போச்சு! திரையில் ஒன்பது, ஏழு, பதினொன்று. அழுத்தியதைத் திரும்ப வாங்க ஒரு பொத்தானும் அந்த விளையாட்டில் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் என் முதுகில் தட்டினாள். "செரி விடு கண்ணு. மறுக்கா வரும்."

வந்தது. மறுநாள், அதுவும் என் கையிலேயே. சூடான தோசைக்கல்லைத் தொட்டவள் மாதிரி மௌஸிலிருந்து கையை உதறிக்கொண்டு கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் கைராசிக்காரி. கறிவேப்பிலைக் கன்று நடுவதற்குக்கூடப் பெரியம்மா என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மிச்சமிருந்த எண்களை அக்கா வெட்டிப் பிரித்தாள். வசீகரம் மூன்று போதும் என்றாள். "வாரவங்க போறவங்க எல்லாருத்துக்கும் இளிச்சுட்டு நிக்கோணுமா இவ?" விவேகத்திலும் குறைக்க முடிந்த மட்டும் குறைத்தாள். "அதெல்லாம் பெரியவங்களுக்கு. வாள் புடிக்கறவளுக்கு எதுக்கு?"

எனக்கு இரண்டு கையால் தூக்கும் பெரிய வாள் ஆசை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வாள், மறுகையில் கேடயம். வாசற்படியில் நின்றுகொண்டு சண்டை போட வேண்டும், அப்போது எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருத்தனாகத்தான் உள்ளே வர முடியும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். அம்மணி படியில் நிற்பாள். ணங் ணங் என்று சத்தம். ஒருத்தன் விழுவான், அடுத்தவன் வருவான்.

"சோறு தண்ணி இல்லாம இவளும் அடிச்சுட்டே இருக்கறாளே" என்பார் பெரியம்மா, மொச்சையை உரித்துக்கொண்டே. நாலு நாள் கழித்து அவரே, "அந்தக் கேடயத்த இன்னும் சித்த மேல புடிக்கச் சொல்லு, கழுத்துல வாங்கிக்கப் போறா" என்றார்.

பெரியப்பா மதியச் சாப்பாட்டுக்குப் பட்டறையிலிருந்து வருவார். சட்டையில் எப்போதும் இரும்பு வாசம். கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "அம்மணி செயிச்சாளா?" என்பார். மகளிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கைகழுவும்போது அவள்தான் துண்டு நீட்ட வேண்டும் அவருக்கு.

மே மாத நடுவில் அம்மணியைக் குகையின் ஏழாவது தளத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே மூலையில் சாயம்போன அங்கி போட்ட ஒரு கிழட்டு மந்திரவாதி. சண்டைக்குக் கிட்டேயே வரவில்லை. இருந்த இடத்திலிருந்து கையைத் தூக்கி என்னவோ முணுமுணுத்தான். அவ்வளவுதான். அம்மணி ஓங்கின வாள் ஓங்கினபடி நின்றுவிட்டாள்.

நான் மௌஸை அழுத்தினேன். அசையவில்லை. அக்கா பிடுங்கி அழுத்தினாள். அசையவில்லை. நாலு பக்கமும் எலும்புக்கூடுகள் நிதானமாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. அக்கா விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு அதன் குறிப்பை வாசித்தாள். விவேகம் குறைந்தவர்களால் இந்த மந்திரக் கட்டை உதற முடியாது என்று போட்டிருந்தது. பதினெட்டுப் பலமும் சும்மா.

சரியாக அந்த நேரம் பெரியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அம்மணி, அத அமத்து முதல்ல. கோபியில இருந்து வந்துட்டாங்க. அந்தப் பச்சப் பொடவையக் கட்டு."

"யாருங்மா வந்துட்டாங்க?"

"சொந்தக்காரங்கதான், சும்மா பாத்துட்டுப் போக வாராங்க. எந்திரி."

சும்மா பார்க்க வருகிறவர்களுக்கு எதற்குப் பச்சைப் புடவை என்று எனக்கே புரிந்தது. எங்களுக்கு ஒரே ஓர் இடத்தில்தான் ஆட்டத்தைச் சேமிக்கத் தெரியும், பழையதன் மேலேயே புதியதை எழுதுவோம். அந்தப் பதற்றத்தில் அவள், அம்மணி கட்டுண்டு நிற்கிற அந்த நிமிஷத்தைச் சேமித்துவிட்டு அணைத்தாள்.

வந்தவர்களை ஏசி இருக்கிறதென்று அந்த அறையிலேயே உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கம்ப்யூட்டர் மேசையில் வைத்தார். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாழையும் நெல்லும் விளைகிற நல்ல குடும்பம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். நல்ல மனுஷர்தான், இன்றைக்கும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். "ஆவணியில முடிச்சுப்போடலாமுங்க" என்றார் அவருடைய மாமா. "புள்ள படிக்கோணும்னா அப்பறம் தபால்ல படிச்சுக்கிட்டாப் போச்சுங்க." அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் கட்டைவிரல்கூட அசையவில்லை.

அவர்கள் போனதும் புடவையோடு ஓடி வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். அம்மணி கட்டுண்டபடி வந்தாள். ஏழு எண்ணுவதற்குள் செத்தாள். மறுபடி திறந்தாள். மறுபடியும் அப்படியே. திரும்பிப் போக வேறு எந்த இடமும் இல்லை.

"புதுசா இன்னொருத்தியச் செஞ்சுக்கலாங்க்கா. என்ற கையில மறுக்கா வரும்" என்றேன்.

"இவள இப்படியே உட்டுபோட்டா?" என்றாள்.

பெரியப்பா அவர்களுக்குச் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுச் சின்னக் குழந்தையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு எங்கேயோ கோயிலுக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் தொங்கியிருந்தது. "என்னாச்சுங்க?" என்று பெரியம்மா கேட்க, "ஒண்ணுமில்ல" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்தார். வெள்ளிக்கிழமை அதே குழந்தையோடு வேறு கோயில். அன்றைக்கும் வெள்ளைப் பூதான். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

இதற்கிடையில் மார்க் வந்தது. அக்காவுக்கு இடம் நிச்சயம் கிடைக்கும் என்று அவளுடைய கணக்கு டீச்சர் வெயிலில் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்கா அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

"அப்பா, நான் படிக்கப் போறனுங்."

பெரியப்பா ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேண்டாம்னு சொல்லலீங் அம்மணி. நல்ல எடம் தட்டிப்போச்சுன்னா நாளைக்கு நீயே என்னக் கேப்பே. எனக்கும் ஒண்ணும் புரிய மாட்டீங்குது. நம்ம ஆத்தாகிட்ட பூக் கேட்டுப்போடலாம். ஆத்தா சொல்றதுக்கு நானும் கட்டுப்படறேன், நீயும் கட்டுப்படோணும்."

பூக் கேட்பது உங்களில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சிவப்புப் பூவை ஒரு பொட்டலமும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமுமாகக் கட்டி, சாமியின் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எது வந்தால் என்ன என்று முன்னாலேயே சாமியிடம் சொல்லிவிட வேண்டும்.

"பாப்பா எடுக்கட்டுமுங்" என்றாள் அக்கா. பாப்பா என்றால் நான்.

குலதெய்வக் கோயில் பாதி நாள் பயணம். காரின் பின்சீட்டில் எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் அக்கா. பெரியம்மா அவள் காதில் என்னவோ முணுமுணுத்தார், அவள் வெளியே பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். கோயிலில் பெரியம்மா வாழையிலைத் துண்டுகளில் பூவை மடித்துக் கொடுக்க, நான் வாழைநாரால் கட்டினேன். ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் நந்தியாவட்டை. கட்டுகிறவளே எடுக்கக் கூடாது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. யாரும் பார்க்காதபோது வெள்ளைப் பொட்டலத்துக்கு மட்டும் ஒரு முடிச்சு அதிகம் போட்டேன். எத்தனை தடவை உருட்டினோம், இதில் என்ன தப்பு என்று என் மனசு சொன்னது.

பூசாரி தட்டில் இரண்டையும் போட்டுக் குலுக்கி ஆத்தாளின் காலடியில் வைத்தார். "செவப்பு வந்தா ஆவணியில கல்யாணம், வெள்ள வந்தா காலேஜு" என்று பெரியப்பா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பூசாரி என் பக்கம் குனிந்தார்.

"மனசுல எதையும் நெனைக்காம எடுக்கோணும் சாமி. நெனச்சு எடுத்தா குடும்பத்துல பச்சக் கொழந்தைக்கு ஆகாது."

அவர் எல்லாக் குழந்தைகளிடமும் சொல்கிற வசனமாக அது இருக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு பச்சைக் குழந்தைதான் இருந்தது, அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆத்தாளின் வெள்ளிக் கண்கள் என்னையே பார்த்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினேன். விரலில் முதலில் தட்டுப்பட்டது அந்த இரட்டை முடிச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பிடித்துவிட்டேன். பிடித்ததும் தம்பி செத்துப்போவான் என்று தோன்றியது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.

தெரிந்து எடுப்பது பாவமென்றால், தெரிந்து விடுவதும் அதே பாவம்தான் என்று புரியாத வயசு. செவ்வரளி வந்தது. பெரியம்மா குலவை போட்டார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். மகளைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கையைக் குவித்தார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த மௌஸைத் தொடவில்லை. குளியலறைக் கதவில் கல்லூரியின் பெயர் பாதி அழிந்து, பிறகு முழுதாக அழிந்தது. பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. நான் மட்டும் போய் உட்கார்ந்து ஆட்டத்தைத் திறப்பேன். அம்மணி கட்டுண்டு நிற்பாள். ஒரே ஒரு தடவையாவது அந்த மந்திரம் தவறாதா, எலும்புக்கூடுகள் தடுமாறாதா என்று அழுத்திக்கொண்டே இருப்பேன். ஒருமுறை பன்னிரண்டு எண்ணும் வரைக்கும் தாங்கினாள். அதுதான் அதிகம். தாங்கும் சக்தி பதினாறு அல்லவா, சீக்கிரம் சாகவும் விடவில்லை. பெரியப்பா கதவைத் திறந்து தலையை நீட்டுவார், ஒன்றும் கேட்காமல் சாத்திக்கொண்டு போய்விடுவார்.

தம்பி தேறிவிட்டான். ஜூனில் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். என்னால் பிழைத்தவன் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆவணியில் கல்யாணத்துக்கு வந்தபோது அக்கா அந்தப் பச்சைப் புடவையில் இருந்தாள். கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்த சி.டி.யும் கட்டம் போட்ட நோட்டும் எங்கே போயின என்று தெரியவில்லை.

போன வருஷம் பெரியப்பா காலமானார். கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த மதியம், அந்த முன்னறையில் நானும் அக்காவும் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தோம். ஏசி இருந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அக்காவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. கோபியிலிருந்து கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பிலிருந்து ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாய்க்குள் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். முடிச்சுப் போட்டது, தொட்டது, தம்பிக்குப் பயந்து விட்டது, எல்லாம்.

அக்கா வாழைப்பழச் சீப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "அது மூணாவது கோயில் கண்ணு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அதுக்கு முன்னால ரெண்டு எடத்துல அப்பா கேட்டுபோட்டாரு. ரெண்டுலயும் வெள்ளதான் வந்துச்சு. அவருக்கு மனசு ஒப்பல. வேற கோயிலுக்குப் போயிப் பாப்பம்னு போனாரு. அன்னைக்குக் கார்லதான் அம்மா எங்கிட்டச் சொன்னாங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்த அந்த வெள்ளைப் பூக்கள் என் கண்முன் வந்தன. அடக் கடவுளே, பக்தியா அது? அவர் உருட்டிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார், தனக்கு வேண்டிய எண் வருகிற வரைக்கும். ஒரு கணம், சொன்னால் வெட்கம், எனக்கு நெஞ்சின் பாரம் இறங்கியது. நான் எதை எடுத்திருந்தாலும் ஒன்றுதான். நாலாவது கோயிலுக்குப் போயிருப்பார்.

"அப்ப நான் வெள்ளைய எடுத்திருந்தாலும் இதேதானுங்க்கா நடந்திருக்கும்" என்றேன்.

"இல்ல கண்ணு. அது நம்ம ஆத்தா." அக்கா பழத்தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். "அவளே வெள்ளையக் குடுத்திருந்தா அப்பா அதுக்கு மேல எங்கயும் போயிருக்க மாட்டாரு. அவரு பயந்த மனுஷன். அது எனக்குத் தெரியும். அதனாலதான் நான் ஒண்ணும் பேசாம வந்தேன்."

வெளியே வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த என் தம்பி, ஆறடி ஆளாக, வாடகை நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ ரெண்டாவது முடிச்சுப் போட்டதப் பாத்தேன்" என்றாள் அக்கா. "கெட்டிக்காரின்னு நெனச்சுட்டேன். உன்ற கையவேதான் பாத்துட்டு நின்னேன். அதத் தொட்டே. தொட்டுபோட்டு உட்டுட்டே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அவள் நகர்ந்து வந்து என் முதுகில் தட்டினாள்.

"செரி விடு கண்ணு" என்றாள். மறுக்கா வரும் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.